துரைக்கு எதிரே ஒரு முகம்

செம்மறிக் கடாவுக்கு நிலைக்கண்ணாடி காட்டி வளர்த்தவள் இந்தப் பூமியில் ஒருத்திதான். பள்ளிக்கூடப் பதிவில் அவளுக்கு வேறு என்னவோ பெயர். வீட்டுக்கும் தெருவுக்கும் அவள் ஊசி. தையல்காரியின் மகள் என்பது பாதிக் காரணம். பக்கவாட்டில் திரும்பி நின்றால் ஆளே காணாமல் போய்விடுவாள் என்பது மீதி. ஒருநாள் தூறலில் துளிக்கும் துளிக்கும் நடுவே நடந்து நனையாமல் வீடு வந்து சேர்ந்தாள் என்று அவள் அப்பா சத்தியமே செய்வார். அப்பா பஸ் டிரைவர். பஸ் ஓட்டுகிறவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். நேரான பாதையைக் கொஞ்சம் வளைப்பார்கள், அவ்வளவுதான்.

பதினைந்து வயதில் ஊசி பள்ளியின் கால்நடைக் கழகத்தில் சேர்ந்தாள். கழகத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு குட்டியைக் கொண்டுபோய் வளர்த்து, ஆண்டுக் கண்காட்சியில் கொண்டுவந்து காட்ட வேண்டும். மற்றவர்கள் தோட்டமும் தொழுவமும் இருந்த வீட்டுப் பிள்ளைகள். ஊசி வீட்டில் முன்னறை தையல் கடை, நடு அறையில் சமையலும் படுக்கையும், பின்னால் துணி உலர்த்தும் முற்றம். அந்த முற்றத்தில்தான் துரை வந்து இறங்கினார்.

ஆமாம், இறங்கினார். அந்தக் கடாக்குட்டியை ‘வந்தது, போனது’ என்று சொல்ல யாருக்கும் நா எழவில்லை. அப்படி ஒரு தோரணை. கழுத்தை நிமிர்த்தி, கண்ணைப் பாதி மூடி, வாடகை வசூலிக்க வந்த வீட்டுக்காரர் மாதிரிப் பார்ப்பார். தண்ணீர்த் தொட்டியில் ஒரு இலை மிதந்தால் குடிக்க மாட்டார். அவர் ஒரு தடவை கத்தினால் கடையில் துணியோரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷினின் நூல் அறுந்துவிடும். நம்பாதவர்கள் அந்த மிஷினைக் கேட்டுப் பார்க்கலாம்.

வந்த மாதமே துரை பள்ளி முதல்வரின் புதுச் சட்டையில் ஒரு கையைத் தின்றுவிட்டார். காஜா போட்டு, பட்டன் வைத்து, இஸ்திரி போட்டு மாட்டியிருந்த சட்டை.

“ஒரு கைதானேம்மா,” என்றாள் ஊசி.

“அவங்களுக்கு ரெண்டு கை இருக்குடி,” என்றாள் அம்மா. “கண்காட்சி வரைக்கும்தான் உன் துரைக்கு இங்க இடம். அதுக்கப்புறம் இந்த வீட்டுல ஒண்ணு அவர் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்.”

“யோசிச்சுச் சொல்றோம்,” என்றார் அப்பா. அன்று இரவு அவர் தட்டில் குழம்பு விழவில்லை.

கண்காட்சியில் இரண்டு போட்டிகள். ஒன்றில் ஆட்டைப் பார்ப்பார்கள். எடை, முதுகு, தொடை. அதற்கு ஊசி ஆசைப்படவில்லை, துரைக்குத் தலைக்கனம்தான் அதிகம், உடல் கனம் குறைவு. இன்னொன்றில் ஆட்டுக்காரரைப் பார்ப்பார்கள். கயிறு கிடையாது. ஒரு கையை ஆட்டின் தாடைக்குக் கீழேயும் இன்னொன்றைப் பிடரியிலும் வைத்து நடத்த வேண்டும். நிறுத்தினால் நாலு காலும் மேசைக்கால் போலச் சதுரமாக நிற்க வேண்டும். நடுவர் எந்தப் பக்கம் போனாலும் அவருக்கும் ஆட்டுக்கும் குறுக்கே வரக்கூடாது. ஆடு சேட்டை செய்தால் குற்றமில்லை. அந்தச் சேட்டைக்கு நீ என்ன செய்கிறாய் என்பதற்குத்தான் மதிப்பெண்.

இதில் வென்றவருக்குக் கோப்பை. அதோடு, கழகப் பண்ணையில் காலியாக இருந்த ஒரே கொட்டில் வென்றவரின் ஆட்டுக்கு. மற்ற பிள்ளைகள் தோற்றாலும் ஆட்டை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோகலாம். ஊசிக்கு அந்தக் கதவை அம்மா சாத்திவிட்டாள். கண்காட்சி மைதானத்தின் வாசலில் மாலையானால் ஆட்டு வியாபாரியின் லாரி வந்து நிற்கும். துரைக்குக் கொட்டில், இல்லையென்றால் லாரி.

ஆகவே பயிற்சி மும்முரமாக நடந்தது. இடம்தான் இல்லை. கடையை மூடியபின், வெட்டுத்துணியைக் கூட்டி ஒதுக்கிவிட்டு, இரண்டு தையல் மிஷின்களுக்கு நடுவே இருந்த சந்தில் துரையை நடத்துவாள். சந்து முடியும் இடத்தில் வாடிக்கையாளர்கள் உடுத்திப் பார்க்கும் ஆளுயர நிலைக்கண்ணாடி. அதுவரை போய் நிற்க வேண்டியது. திரும்ப வழியில்லாததால், வந்த வழியே பின்னாலேயே நடந்து வரவேண்டியது.

பின்னால் நடத்துவது லேசான வேலையில்லை. ஆட்டுக்கு முன்னால் போகத் தெரியும், ஓடத் தெரியும், முட்டத் தெரியும். பின்வாங்குவது மட்டும் அதன் குலத்திலேயே கிடையாது. அங்கேதான் அப்பா கைகொடுத்தார்.

“அவசரப்படாத பாப்பா. பெரிய வண்டியை ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி எடு. ஸ்டியரிங்கை ஒடிக்கிற மாதிரி தாடையை இந்தப் பக்கம் ஒடி, அந்தப் பக்கத்துப் பின்கால் நகரும். இப்ப அந்தப் பக்கம் ஒடி. வா, வா, வா, வா… ஸ்டாப்.”

“வண்டிக்குப் பின்னால ஏதோ விழுந்திருக்கு,” என்பாள் அம்மா, கத்தரிக்கோலிலிருந்து கண்ணை எடுக்காமல். “அதையும் உங்க டிரைவரையே கூட்டச் சொல்லுங்க.”

கண்ணாடியில் முதன்முதலாகத் தன்னைப் பார்த்தபோது துரை முட்டினார். கண்ணாடியின் கீழ்மூலையில் விரிசல் விட்டது. இரண்டாம் தடவை முறைத்தார். எதிரே இருந்தவரும் முறைத்தார். துரை கழுத்தை நிமிர்த்தினார், அவரும் நிமிர்த்தினார். அதற்குப்பின் கண்ணாடிக்கு முன்னே போனாலே போதும், எதிராளியைவிட ஒரு இழையாவது உயரமாக நின்றுவிட வேண்டும் என்று நாலு காலையும் சதுரமாக ஊன்றி, மார்பைத் தூக்கி, மூச்சை அடக்கிச் சிலையாவார். ஒரு ஈ மூக்கில் உட்கார்ந்து, குடும்பம் நடத்தி, பேரன் எடுத்துப் போனாலும் அசைய மாட்டார்.

“பார்க்கிங்னா இதுதான் பார்க்கிங்,” என்று அப்பா தொடையைத் தட்டுவார்.

தன் கைப்பக்குவம்தான் என்று ஊசி நினைத்தாள். இந்த வீட்டில் ஒருவருக்கும் கண்ணாடி மேல் சந்தேகம் வரவில்லை. தினமும் கண்ணாடி முன்னால் ஆளை நிறுத்திப் பிழைக்கிற குடும்பத்துக்கு எப்படி வரும்?

கண்காட்சி நாள் வந்தது. மைதானம் முழுக்க ஈரக் கம்பளி வாசனை, வைக்கோல் தூசி, ஒலிபெருக்கியின் கரகரப்பு. பிள்ளைகள் ஆடுகளுக்கு ஷாம்பு போட்டு, ஹேர் டிரையர் பிடித்து, காதுக்குள் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஊசி துரையின் கம்பளியில் ஒட்டியிருந்த நூல் பிசிறுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

பக்கத்துத் தடுப்பில் மெடல் இருந்தாள். மூன்று வருடமாக இதே போட்டியில் வாங்கிய மூன்று பதக்கங்களையும் பையில் கோத்திருந்ததால் அந்தப் பெயர். அவள் வருவதற்கு முன்னால் அவள் சத்தம் வரும். பெரிய பால் பண்ணைக்காரர் மகள். அவளுடைய பெண் ஆட்டின் பெயர் பொம்மை, பெயருக்கேற்ப நில் என்றால் நிற்கும், நட என்றால் நடக்கும்.

“உன் ஆட்டுக்கு இடுப்புல கம்பளி ஏத்த இறக்கமா இருக்கே,” என்றாள் மெடல். “நீங்க தையல்காரங்கன்னு சொன்னாங்க?”

ஊசி வாயைத் திறப்பதற்குள், துரையின் பக்கமே வரமாட்டேன் என்று ஆட்டை ஏற்றி வந்த வண்டியோரம் நின்றிருந்த அம்மா வந்துவிட்டாள். கழுத்திலிருந்த இன்ச் டேப்பை உருவினாள். துரையின் முதுகை அளந்தாள், இடுப்பை அளந்தாள், சாக்பீஸால் கோடு போட்டாள்.

“எனக்கு இந்த ஜென்மத்தைப் பிடிக்காது,” என்று துரையிடமே சொல்லிக்கொண்டு, நல்ல துணிக்கு மட்டும் எடுக்கிற கத்தரிக்கோலால் கம்பளியை நறுக்கினாள். “ஆனா கோணல் தையல் என் கையைத் தாண்டிப் போகாது. ஆடாம நில்லுங்க சார்.”

முடித்தபோது துரை கோட்டு சூட்டு போட்டவர் மாதிரி இருந்தார். மெடல் திரும்பி பொம்மையின் இடுப்பை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

களத்துக்குள் மரத்தூள் பரப்பி, சுற்றிக் கம்பித் தடுப்பு. வெள்ளைக் கோட்டு நடுவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார். பேச்சில் கஞ்சர். பிள்ளைகள் வரிசையாக, ஓர் ஆட்டின் வாலுக்குப் பின் இன்னோர் ஆட்டின் மூக்காக, வட்டம் சுற்றினார்கள்.

“நிறுத்துங்க,” என்றார் நடுவர்.

மற்ற ஆடுகளெல்லாம் நின்றன. துரை படுத்துக்கொண்டார்.

ஊசி தாடையைத் தூக்கினாள். எழுந்தார். முன்காலை வைத்தால் பின்காலை எடுத்தார். பின்காலை வைத்தால் வட்டமாகச் சுற்றினார். கண்ணெதிரே மெடலின் ஆட்டு வால் ஒன்றுதான் தெரிந்தது. அதைப் பார்த்து அவமானப்பட்டவர் போல மறுபடி படுத்தார். தடுப்பைச் சுற்றிச் சிரிப்பு பரவியது.

“துரை இன்னிக்கு லீவா?” என்றாள் மெடல், உதட்டை அசைக்காமல்.

ஊசியின் காது சுட்டது. ஆனாலும் கை இறுகவில்லை. இழுக்கவில்லை, அடிக்கவில்லை. நடுவர் இந்தப் பக்கம் வந்தால் அவள் அந்தப் பக்கம் தாண்டினாள். படுத்த ஆட்டைச் சுற்றிச் சுற்றி, ஒரு தடவைகூட அவருக்குக் குறுக்கே வராமல். நடுவரின் கண் ஒரு கணம் அவள் கால்களில் நின்று போனது.

“ரெண்டு வரிசையா பிரிங்க. எதிரெதிரா நில்லுங்க.”

பிரிந்தார்கள். துரைக்கு நேர் எதிரே பொம்மையின் முகம் வந்தது. அவ்வளவுதான். கழுத்து எழுந்தது, மார்பு விரிந்தது, நாலு காலும் சதுரமாக இறங்கின. நடுவர் வேண்டுமென்றே துரையின் ஒரு பின்காலை நகர்த்திவிட்டுப் போனார். துரை தானாகவே அதை எடுத்துப் பழைய இடத்தில் வைத்துக்கொண்டார்.

“பார்க்கிங்!” என்றார் அப்பா தடுப்புக்கு வெளியிலிருந்து. அம்மா அவரை இன்ச் டேப்பின் தகர முனையால் குத்தினாள்.

ஊசிக்கு உச்சந்தலையில் பளிச்சென்றது. கண்ணாடி. இத்தனை நாளும் துரையை நிறுத்தியது அவள் கையில்லை. எதிரே ஒரு முகம். அது இருந்தால் சிலை, இல்லாவிட்டால் சாக்குமூட்டை. பாடம் சொல்லிக்கொடுத்தது கண்ணாடி, சம்பளம் வாங்கியது தான் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. யோசிக்க நேரமில்லை. நடுவர் ஒவ்வொருவராக வெளியே அனுப்பிக்கொண்டே வந்தார். கடைசியில் களத்தில் இரண்டு பேர். மெடல், ஊசி.

கொட்டில் கை எட்டும் தூரத்தில் இருந்தது. மைதானத்து வாசலில் லாரியும் வந்து நின்றிருந்தது.

“ஆட்டை மாத்திக்குங்க,” என்றார் நடுவர். “அவங்க ஆட்டை இவங்க, இவங்க ஆட்டை அவங்க. ஒவ்வொருத்தரா அந்தக் கோடி வரைக்கும் நடத்தி நிறுத்துங்க. கொடுக்கும்போது உங்க ஆட்டைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிக்கலாம்.”

மெடலின் முகம் வெளிறியது. மூன்று வருடமாக அவள் பொம்மையைத் தவிர வேறோர் ஆட்டைத் தொட்டதில்லை. இருந்தாலும் சொல்ல வேண்டியதை நேர்மையாகச் சொன்னாள். “அவளுக்கு இடது காது கூசும். அதைத் தொடாத. மத்தபடி சாது.”

இப்போது ஊசியின் முறை. நாக்கு நுனியில் வார்த்தை இருந்தது. சொன்னால் மெடல் துரையைச் சிலையாக நிறுத்திவிடுவாள், கோப்பை போய்விடும், கொட்டில் போய்விடும். அவள் வார்த்தையை விழுங்கினாள்.

“இவருக்குக் கொஞ்சம் கௌரவம் ஜாஸ்தி,” என்றாள். அது பொய்யில்லை. போதுமான உண்மையும் இல்லை.

மெடல் முதலில் போனாள். எதிரே வெறும் மரத்தூள். நாலடி நடந்த துரை உட்கார்ந்தார். மெடல் தூக்கினாள். துரை சுற்றினார். மெடல் பிடரியை இறுக்கினாள். துரை கத்தினார், ஒலிபெருக்கியே ஒரு கணம் வாயை மூடியது. பிறகு தடுப்பைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மெடலின் கண் கலங்கிவிட்டது. அதை ஊசி தாங்கிக்கொண்டிருப்பாள். துரை தலையைத் தொங்கப்போட்டதுதான் தாங்கவில்லை. இலை மிதந்த தண்ணீரைக் குடிக்காதவர். சாக் கோடு போட்டுக் கம்பளி வெட்டிக்கொண்டு வந்தவர். அவரைப் பார்த்து இத்தனை பேர் சிரிக்க, காரணம் தெரிந்த ஒருத்தி கொட்டிலுக்காக வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள்.

“சார், நான் கொஞ்சம் நகர்ந்து நிக்கலாமா?”

“உங்க கையில இருக்கிற ஆட்டோட எங்க வேணா நில்லுங்க.”

ஊசி பொம்மையைக் கொண்டுபோய் துரைக்கு நேர் முன்னால், மூக்குக்கு மூக்காக நிறுத்தினாள்.

“என்ன, ஆடு நனையுதேன்னு அழ வந்தியா?” என்றாள் மெடல் பல்லைக் கடித்துக்கொண்டு.

“ஓநாய்தான், ஒத்துக்கிறேன். முன்னாடியே சொல்லியிருக்கணும். அவருக்கு எதிர்ல ஒரு ஆட்டு மூஞ்சி வேணும், கண்ணாடி பார்த்து வளர்ந்தவர். பிடியைத் தளர்த்து.”

மெடல் தளர்த்தினாள். துரையின் தலை எழுந்தது. மார்பு விரிந்தது. சிரிப்பு அடங்கியது.

“நின்னுட்டார்,” என்று மூச்சுவிட்டாள் மெடல். “ஆனா அந்தக் கோடி வரைக்கும் நடத்தணுமே. நீ நகர்ந்தா படுத்துடுவாரே.”

“நகர மாட்டேன். இப்படியே பின்னால போறேன்.”

“பொம்மையையா? அவளுக்குப் பின்னால நடக்கத் தெரியாது.”

“துரைக்கும்தான் தெரியாம இருந்துச்சு.”

ஊசி குனிந்தாள். இடது காதைத் தொடாமல், தாடையை ஒரு பக்கம் மெல்லத் திருப்பினாள். பொம்மை குழம்பியது. பின்கால் ஒன்று நகர்ந்தது. பிறகு மறுபக்கம். இன்னொன்று நகர்ந்தது. தடுப்புக்கு வெளியே, எவ்வளவு அடக்கியும் முடியாமல், “வா, வா, வா…” என்று ஒரு முணுமுணுப்பு கேட்டது. அம்மா குத்தவில்லை. அவளும் தடுப்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

இப்படியாக, ஓர் ஆடு முன்னால் நடக்க, ஓர் ஆடு பின்னால் நடக்க, மூக்குக்கு மூக்கு இடைவெளி மாறாமல், இரண்டு பெண்களும் களத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனார்கள். பக்கத்துக் களத்தில் மாடு காட்டிக்கொண்டிருந்தவர்கள் மாட்டை விட்டுவிட்டுப் பார்க்க வந்தார்கள். மாடுகளும் வந்தன என்பார் அப்பா. நடுவர் குறுக்கே ஓடினார், பின்னால் போனார், வலப்பக்கம் வந்தார். ஒரு தடவையும் ஊசி அவருக்கு மறைக்கவில்லை. அவர் கட்டியிருந்த கை எப்போது அவிழ்ந்தது என்று அவருக்கே தெரியாது.

கோடியில் இருவரும் நிறுத்தினார்கள். எட்டுக் கால்களும் சதுரம்.

நடுவர் ஊசியிடம் வந்தார். “ரிவர்ஸ் எடுக்க யார் சொல்லிக்கொடுத்தது?”

“அப்பா சார். பஸ் டிரைவர்.”

“அடுத்தவங்க ஆட்டை, அதுவும் பழகாத ஆட்டை, இவ்வளவு தூரம் பின்னால கொண்டுபோனதை நான் பார்த்ததில்ல. உங்க சொந்த முறை இன்னும் வரவே இல்லைன்னு ஞாபகம் இருக்கா?”

“அது வந்து…”

“வேண்டாம். பார்க்க வேண்டியதைப் பார்த்துட்டேன்.” கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். “அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடுத்த தடவை கொடுக்கும்போதே சொல்லிடுங்க.”

ஊசிக்குத் தலை நிமிரவில்லை. மெடல்தான் அவள் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். தூக்கிய வேகத்தில் பையிலிருந்த மூன்று பதக்கங்களும் கலகலத்தன. லாரி துரை இல்லாமல் கிளம்பியது.

கதை இங்கே முடியாமல் துரை பார்த்துக்கொண்டார். கழகக் கொட்டிலுக்குப் போனவர் தீவனத்தைத் தொடவில்லை. எதிரே வெறும் சுவர். மறுநாள் காலை ஒரு வேன் வந்து நின்றது. அம்மா இறங்கினாள், பின்னாலேயே மூலையில் விரிசல் விட்ட நிலைக்கண்ணாடியும்.

“கஸ்டமருக்கெல்லாம் ரெண்டு கால் நாலா தெரியுதாம். எனக்கு இது உபயோகமில்ல,” என்றபடி சுவரில் சாய்த்துக் கட்டினாள். “எதிர்ல இருக்கிறவர் சாப்பிட்டாத்தான் நான் சாப்பிடுவேன்னு அடம் பிடிக்காதீங்க சார். ரெண்டு பேருமா ஆரம்பிங்க.”

துரை ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் மெடல் பொம்மையோடு தையல் கடை வாசலுக்கு வந்தாள். அதற்கடுத்த வாரம் கழகத்தில் பாதி வந்தது. அப்பா ஓய்வு நாளில் விசிலை வாயில் வைத்துக்கொண்டு தெரு நடுவில் நிற்க, ஒரு மந்தை ஆடு பின்னால் பின்னால் போயிற்று. எதிரே வந்த குப்பை வண்டிக்காரர் தன் வண்டிதான் முன்னால் உருள்கிறது என்று பயந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

வருடங்கள் பல ஓடி, இப்போது நடுவரின் வெள்ளைக் கோட்டு ஊசியின் மேல் இருக்கிறது, அம்மா தைத்தது, ஒரு இழை கோணல் கிடையாது. களத்தில் இரண்டு பேர் எஞ்சும்போது “ஆட்டை மாத்திக்குங்க, ஒரு வார்த்தை சொல்லிக்கலாம்” என்கிறாள். சொன்னபின் அவள் ஆட்டைப் பார்ப்பதில்லை. தன் ஆட்டைக் கொடுத்துவிட்டு நிற்கிற பிள்ளையின் வாயைத்தான் பார்க்கிறாள், வார்த்தை முழுசாக வெளியே வருகிறதா என்று.